புழுங்கலரிசி சொல்லும் பாடம்

மூவார் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் பெரும்பாலும் உண்டது புழுங்கலரிசி. அக்கால மலாயாவில் பெரிபெரி நோய் பலரைக் கொன்றது. தீட்டிய வெள்ளையரிசி உண்டவர்களையே அது பெரிதும் தாக்கியது. 1905-இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கிச் சோதித்தார். வெள்ளையரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவரும் மாளவில்லை. நெல்லை அவிக்கையில் தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இந்தக் காரணம் பின்னரே தெரிந்தது.

இன்று பெரிபெரி அரிது. இப்போது வந்திருப்பது இனிப்புநீர். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரிடையே இன்னும் மிகுதி. அன்று பால்மரம் வெட்டிய உடம்பு, உண்ட சோற்றை எரித்தது. இன்று பலர் மரச்சாமான் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறோம். நடை குறைந்தது, சோறு குறையவில்லை. கோப்பியில் டின் பாலும் சீனியும் கூடிவிட்டன.

தாய்மார்களே, தட்டில் ஓர் அகப்பை சோற்றைக் குறைத்து, கீரையும் பருப்பும் கூட்டுங்கள். முப்பது வயதைக் கடந்தவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தச் சோதனை செய்துகொள்ளட்டும். இந்நோய் வலியின்றி வரும். பிறகு கண்ணையும் காலையும் கெடுக்கும்.