யூத அண்டை வீட்டாரும் நமது அமானிதமும்
(மாதாந்திர நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காஸாவின் படங்களைப் பார்த்து நம் வீடுகளில் எல்லோரும் கலங்கிப் போயிருக்கிறோம். அநீதியைக் கண்டிப்பது நம் கடமை. அதில் குறை வைக்க வேண்டாம். ஆனால் ஓர் அரசின் செயலை மனத்தில் வைத்து, 'யூதர்' என்ற சொல்லையே வசைச்சொல்லாக நம் பிள்ளைகள் பேசினால், அதைத் திருத்த வேண்டியவர்கள் நாம்தான்.

இந்தியா இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவு கொண்டது 1992இல். அது அரசுகளின் கணக்கு. மக்களின் உறவோ பல நூற்றாண்டுப் பழமை உடையது.

கொல்கத்தாவைப் பாருங்கள். அலெப்போவிலிருந்தும் பாக்தாதிலிருந்தும் வந்த யூத வணிகர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் வாழ்ந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் பெரும்பாலோர் வெளிநாடுகளில் குடியேறினார்கள். இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. 1884இல் கட்டப்பட்ட மாகென் டேவிட் ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. அங்குள்ள யூத ஆலயங்களைப் பெருக்கித் துடைத்து, விளக்கேற்றிக் காத்து வருபவர்கள் முஸ்லிம்கள். சிலர் தந்தைக்குப் பின் மகனாக. 1881இல் யூதர்கள் தொடங்கிய பெண்கள் பள்ளியில் இன்று படிப்போரில் பெரும்பாலோர் முஸ்லிம் வீட்டுப் பெண் பிள்ளைகள்.

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் சாரா கோஹன் என்ற மூதாட்டி பூத்தையல் கடை வைத்திருந்தார். தமக்குப் பின் மனைவியைப் பார்த்துக்கொள்ளும்படி அவருடைய கணவர் கேட்டுக்கொண்டது ஒரு முஸ்லிம் நண்பரிடம். அந்த நண்பர் கடையையும் நடத்தி, அந்த அம்மாவையும் தாயைப் போல் பார்த்துக்கொண்டார். 2019இல் 96 வயதில் சாரா மறையும்வரை அந்த வாக்கு காக்கப்பட்டது.

இதற்குப் பெயர்தான் அமானிதம். ஒரு யூதரின் மய்யித் கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். யூதர்தானே என்று தோழர்கள் கேட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்று திருப்பிக் கேட்டார்கள்.

ஆகவே பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். காஸாவுக்காகப் பிள்ளைகளோடு துஆச் செய்யுங்கள். கூடவே, கொல்கத்தாவையும் கொச்சியையும் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். நீதி கேட்கும் நாவில் வெறுப்பு கலக்காமல் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.