தடுப்பூசியும் உருமாறும் நச்சுயிரியும்



2022 சனவரியில், இரு தவணைத் தடுப்பூசி செலுத்திக்கொண்ட பின்னரும் எனக்குக் கொரோனா தொற்றியது. நான்கு நாள் காய்ச்சலுக்குப்பின் வீட்டிலேயே நலம்பெற்றேன். அதுகண்ட என் தமையனார், "ஊசி போட்டும் நோய் வந்ததே, எனக்கு அது எதற்கு?" என்று வினவினார்.

நேர்மையான வினா. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா உலகுக்கு அறிவித்த ஒமைக்ரான், தன் முள்புரதத்தில் 30க்கும் மேற்பட்ட மாற்றங்களைக் கொண்டிருந்தது. பழைய வடிவைக் கண்டு பழகிய எதிர்ப்புப் புரதங்களுள் பல, அதனை இனங்காணத் தவறின. மாதங்கள் செல்லச் செல்ல அவற்றின் அளவும் குறையும். ஆதலின் தொற்று நுழைந்தது. ஆயினும், நம் குருதியிலுள்ள டி அணுக்கள் நச்சுயிரியின் மாறாத பகுதிகளையும் அறிந்தவை; நோய் முற்றாமல் காக்க அவை உதவுகின்றன. வாயிற்காவலன் ஏமாந்தாலும் உள்வீட்டார் விழித்திருந்தனர் எனலாம்.

தொற்றே வாராது என்பதன்று, உயிருக்கு ஊறு நேரும் வாய்ப்பைப் பெரிதும் குறைப்பதே தடுப்பூசியின் தலையாய பயன். முதுமையில் அக்காப்பு விரைந்து தளரும். ஆதலின் முதியோரை உடைய இல்லத்தார் மருத்துவரைக் கலந்து உரிய தவணையை நினைவிற்கொள்ள வேண்டுகிறேன்.

தமையனார் பின்னர் ஊசி செலுத்திக்கொண்டார். இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.