கண் திறந்திருக்கும் மயக்கம்

ஓடைப்பட்டிக் கருத்தரங்கிற்கு வந்திருக்கும் மயக்கவியல் மருத்துவர்களுக்கும், கால்நடை மருத்துவர்களுக்கும், அரசு மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், தோட்ட வேலையை ஒருநாள் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் திராட்சை விவசாயிகளுக்கும் தலைமை உரையின் வணக்கம்.

‘மயக்க ஊசி’ என்ற சொல் 2023 கோடையில் கம்பம் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு டீக்கடையிலும் புழங்கியது. கேரளத்தின் சின்னக்கானலில் பிடிபட்டு, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை, மே 27 அன்று கம்பம் நகரத் தெருக்களுக்குள் நுழைந்தது. அன்று காயமடைந்த ஒருவர் சில நாட்களில் உயிரிழந்தார். அதன்பின் யானை சுருளிப்பட்டி, சண்முகாநதி அணை என்று மலையடிவாரத்திலேயே சுற்றியது. ஓடைப்பட்டிப் பக்கம் ராத்திரியில் பந்தலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகக்கூட ஆட்கள் தயங்கினார்கள். “ஒரு ஊசியப் போட்டுப் பிடிக்க இத்தனை நாளா?” என்பதுதான் அப்போது எல்லாரும் கேட்ட கேள்வி. ஜூன் 5 அதிகாலையில், சின்ன ஓவுலாபுரம் அருகே ஊசி போடப்பட்டது. கும்கி யானைகளின் துணையோடு லாரியில் ஏற்றப்பட்ட யானை, களக்காடு முண்டந்துறை காப்பகத்தின் மேல் கோதையாறு காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கேள்வி நியாயமானது. இந்தக் கருத்தரங்கு முழுவதுமே அதற்கான பதில்தான்.

இந்தியாவில் காட்டு யானைகளை மயக்கக் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் சேர்த்துப் பயன்படுத்துபவை சைலசின், கீட்டமின் என்ற இரண்டு மருந்துகள். பிடித்து ஏற்ற வேண்டிய யானை நின்றபடியே மயங்க வேண்டும். மற்ற பாலூட்டிகளுக்கு நுரையீரலைச் சுற்றி இருக்கும் இடைவெளி யானைக்கு இல்லை. அங்கே இணைப்புத் திசு நிறைந்திருக்கிறது. மார்பு அழுந்தும்படி யானை குப்புறச் சரிந்தால், அதன் எடையே அதன் மூச்சை நிறுத்திவிடும். சரிவான நிலம், பக்கத்தில் தண்ணீர், உச்சிவெயில் இவற்றில் எது இருந்தாலும் மயக்க ஊசித் துப்பாக்கியைத் தாழ்த்தத்தான் வேண்டும். இன்னொன்றும் உண்டு. சைலசினின் வேலையை முறிக்க மாற்று மருந்து இருக்கிறது, கீட்டமினுக்கு இல்லை. உள்ளே போன கீட்டமினை உடல்தான் மெல்ல மெல்லக் கழிக்க வேண்டும்.

யானைக்குத் தசையில் போகும் அதே கீட்டமின், மனிதருக்கு அறுவை அரங்கில் பெரும்பாலும் சிரை வழியாகப் போகிறது. 1962இல் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் நிறுவனத்துக்காக வேதியியலாளர் கால்வின் ஸ்டீவன்ஸ் இதை உருவாக்கினார். இதற்கு முந்தைய மருந்தான பென்சைக்ளிடின் நோயாளிகளை நீண்ட நேரம் புத்தி பேதலித்த நிலையில் வைத்திருந்ததால், சீக்கிரம் தெளியும் ஒன்றைத் தேடியதில் கிடைத்தது இது. 1964இல் எட்வர்ட் டொமினோவும் குந்தர் கோர்சனும் இதை முதன்முதலில் மனிதர்களிடம் சோதித்தார்கள். மிச்சிகன் சிறைக் கைதிகளிடம் நடந்த சோதனை அது. இன்றைய அறநெறிக் குழு எதுவும் அதற்கு எளிதில் கையெழுத்துப் போடாது என்பதையும் இந்த அவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1970இல் அனுமதி கிடைத்தது. வியட்நாம் போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு இது போடப்பட்டது. 1985 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

கீட்டமினின் குணம் தனி. பாலைப் போல வெளுத்திருக்கும் இன்னொரு மயக்க மருந்தான புரோபோபோல், போட்ட முக்கால் நிமிடத்துக்குள் ஆளைத் தூங்க வைத்துவிடும். கூடவே ரத்த அழுத்தத்தைக் கீழே இழுக்கும், மூச்சையும் நிறுத்தக்கூடும். சோயா எண்ணெயும் முட்டைக் கருவின் கொழுப்பும் கலந்த அந்த வெண்மையில் கிருமிகள் எளிதில் வளரும் என்பதால், திறந்த குப்பியை மணிக்கணக்குப் பார்த்துத்தான் கையாள வேண்டும். அதைக் கண்டறிந்த ஜான் கிளென் ஒரு கால்நடை மருத்துவர் என்பதை, இங்கே கால்நடை மருத்துவர்களும் மனித மருத்துவர்களும் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும்போது மகிழ்ச்சியோடு சொல்லலாம்.

கீட்டமின் வேறு வழியில் போகிறது. மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை அடைத்து, வலியும் வெளியுலகமும் உள்ளே வந்து சேராதபடி தொடர்பைத் துண்டிக்கிறது. நோயாளியின் கண் திறந்தே இருக்கும், கருமணி இங்குமங்கும் மெல்ல ஆடும், எச்சில் விழுங்குவார், கை அசையும். பக்கத்தில் நிற்கும் உறவினர் “முழிச்சுட்டாங்க டாக்டர்” என்று பதறுவார். ஆனால் கத்தி பட்டது நோயாளிக்குத் தெரியாது. பெரும்பாலும் மூச்சு தானாக ஓடும், ரத்த அழுத்தம் இறங்காமல் சற்று ஏறும், சுருங்கிய மூச்சுக்குழல் விரியும். ரத்தம் இழந்தவருக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கும், மின்சாரத்தை நம்ப முடியாத ஊருக்கும் இது கைகொடுத்த காரணம் இதுதான்.

2018 ஜூலையில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கிய 12 சிறுவர்களையும் அவர்களின் பயிற்சியாளரையும் மயக்கி, வெள்ளத்துக்குள் மூழ்க வைத்துத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. ஆஸ்திரேலிய மயக்கவியல் மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் தேர்ந்தெடுத்தது கீட்டமினைத்தான். முகமூடிக்குள் எச்சில் சேர்ந்து மூச்சை அடைக்காமலிருக்க அட்ரோபினும் கொடுத்தார். வழியில் மயக்கம் தெளியத் தொடங்கினால் காலில் இன்னொரு ஊசி போட முக்குளிப்பவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பதின்மூன்று பேரும் உயிரோடு வந்தார்கள்.

இந்தப் பெருமையெல்லாம் சேர்ந்து கீட்டமினுக்குச் ‘சாது மருந்து’ என்ற பெயரை வாங்கிக் கொடுத்திருக்கிறது. தலைமை உரையின் கவலை அந்தப் பெயரைப் பற்றித்தான். சாது என்று நம்பிய இடத்தில்தான் ஆக்ஸிஜன் உருளை காலியா என்று பார்க்காமல் ஊசி ஏறுகிறது.

ஆபத்து வரும் இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவையே. சிரையில் ஒரு நிமிடம் எடுத்து மெல்லச் செலுத்த வேண்டியதை ஒரே அழுத்தில் செலுத்தினால், மூச்சை விட்டுவைக்கும் என்று பேர்பெற்ற இதே மருந்து மூச்சை நிறுத்தும். எச்சில் ஊறித் தொண்டையில் இறங்கினால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, குரல்வளை இறுகி அடைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கும், இதயக் குழாய் அடைப்பு உள்ளவருக்கும் அந்த ‘சற்று ஏறும்’ அழுத்தமே பகை. தெளியும்போது சுமார் 12 விழுக்காட்டினர் மிதப்பது போலவும் பயங்கரக் கனவு போலவும் உணர்கிறார்கள். சத்தமில்லாத அறை, மங்கிய விளக்கு, தெரிந்த குரல், தேவைப்பட்டால் சிறிது மிடசோலம் என்னும் அமைதியூட்டும் மருந்து ஆகியவை அந்தப் பயத்தைக் குறைக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு விபத்தில் சிக்கி வருபவருக்கு, கீட்டமின் போட்டாலும் வாந்தி நுரையீரலுக்குள் இறங்காது என்ற உத்தரவாதம் கிடையாது.

அளவு என்றால் என்ன என்பதை இந்த ஊர் விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விதையில்லாத் திராட்சைக் கொத்தை ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் நனைக்கும்போது எத்தனை பி.பி.எம்., பூத்து எத்தனையாவது நாள் என்று விரல்விட்டு எண்ணுகிறவர்கள் அவர்கள். கீட்டமின் மில்லிலிட்டருக்கு 10 மி.கி. என்றும் 50 மி.கி. என்றும் வெவ்வேறு செறிவில் வருகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 2 மி.கி. வீதம் 100 மி.கி. வேண்டும். ஒரு குப்பியில் அது 10 மி.லி., இன்னொன்றில் 2 மி.லி. அவசரத்தில் குப்பி மாறினால் ஐந்து மடங்கு போகும், அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் போகும். சிரிஞ்சில் மருந்தின் பெயரும் செறிவும் எழுதிய மஞ்சள் ஒட்டுச்சீட்டு இந்தப் பிழையைத் தடுக்கும்.

மருந்தைப் பூட்டி வைப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். போதைக்காகத் தொடர்ந்து எடுப்பவர்களின் சிறுநீர்ப்பை புண்ணாகிச் சுருங்குவதை மருத்துவ உலகம் 2007 முதல் பதிவு செய்து வருகிறது. இந்தியா 2013 இறுதியில் கீட்டமினை எக்ஸ் அட்டவணைக்கு மாற்றியது. மருந்துச்சீட்டு இரண்டு படியில், இருப்பு பூட்டில் என்பது விதி. 2015இல் சீனா இதை உலக அளவில் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முயன்றபோது, ஏழை நாடுகளில் அறுவை சிகிச்சையே நின்றுபோகும் என்று எதிர்ப்பு எழுந்து, அந்த முடிவு தள்ளிப்போடப்பட்டது. பூட்டும் வேண்டும், நள்ளிரவில் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஓடைப்பட்டியிலிருந்து சின்னமனூர், வீரபாண்டி, தேனி தாண்டி க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108 வண்டி போய்ச் சேரும் நேரம் எவ்வளவு என்பதை இங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் அறியும். அப்படிப்பட்ட தூரங்களை மனதில் வைத்துத்தான், பிரசவ அவசரங்களுக்கு உதவ எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கே உயிர்காக்கும் மயக்கத் திறன் பயிற்சி அளிக்கும் திட்டம் நாட்டில் வந்தது. அப்படிப் பயின்று சிறிய மருத்துவமனையில் தனியாக நிற்கும் இளம் மருத்துவருக்கு இந்தக் கருத்தரங்கின் இரண்டு நாளும் பயன்பட வேண்டும். உறிஞ்சு கருவி ஓடுகிறதா, முகமூடிப் பை குழந்தை அளவிலும் இருக்கிறதா, ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஆபத்தைத் தாமதமாகத்தான் காட்டும் என்பதை அருகிலிருக்கும் செவிலியரும் அறிவாரா, இவையே அமர்வுகளின் பொருள்.

முதல் அமர்வுக்காக முன்வரிசை மேசையில் இரண்டு காலிக் குப்பிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் செறிவு வேறு. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு எந்தக் குப்பியிலிருந்து எத்தனை மில்லிலிட்டர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பங்கேற்பாளர்கள் ஒவ்வொருவராக உள்ளே வரலாம். கருத்தரங்கு தொடங்குகிறது.