சோடாப் போத்தலும் கூட்டு முயற்சியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சோடாத் தண்ணீர். அற்ப விஷயமென்று தள்ளிவிட வேண்டாம். அதற்குள்ளே பெரியதொரு வியாபார சரித்திரம் அடங்கியிருக்கிறது.

சிங்கப்பூரிலே ஜோன் பிரேசர், டேவிட் சாமேர்ஸ் நீவ் என்னும் இருவர் கூட்டாக அச்சகம் நடத்தினர். அத்துடன் அமையாது, 1883 இல் வாயுவேற்றிய பானங்கள் செய்யும் கம்பனியொன்றையும் ஆரம்பித்தனர். வெயிலோ கடுமை, துறைமுகமோ கப்பல்கள் ஓயாது வந்து தங்குமிடம். தாகத்துக்குக் குறைவில்லை! 1898 இல் அது 'பிரேசர் அன்ட் நீவ்' என்ற பங்குக் கம்பனியாயிற்று. 1931 இல் ஒல்லாந்தரின் ஹைனெக்கன் கம்பனியுடன் சேர்ந்து பியர் வடிக்கவும் முற்பட்டது. மதுவை நாம் மெச்சவில்லை, கணக்கைக் கவனிப்போம். 2012 இல் அக்கூட்டிலிருந்த தன் பங்கை அது ஹைனெக்கனுக்கே விற்றது. 2013 இல் பிரேசர் அன்ட் நீவும் தாய்லாந்துச் செல்வரின் ஆதிக்கத்துட்பட்டது. நிறுவியோர் பெயர் மட்டும் போத்தலில் நிலைத்தது.

அக்கம்பனி வளர்ந்த காலத்திலேயே யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உழைத்து நற்பெயர் பெற்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் ஊரிலே கல்வீடுகள் எழுந்தன. ஆனால் உத்தியோகம் பென்ஷனோடு முடிந்தது. பிள்ளைக்குக் கொடுக்கத் தொழிலொன்று மிஞ்சவில்லை.

அவர்களை நாம் குறைகூறவில்லை. நாமும் பட்டம் பெற்றதும் கந்தோர்க் கதவையே தட்டப் போகிறோமா? இருவர் முதலைச் சேர்த்தால் தொழில் பிறக்கும். பலர் சேர்ந்தால் வளரும். எனினும், எவர் கை ஓங்குமென்பதைக் கூட்டுச் சேரும் அன்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவ்விரண்டையும் வாலிபராகிய நாம் மறவாதிருப்போமாக.