கொக்கும் நுளம்பும் ஊசியும்



கொக்கிளாய்க் களப்புக் கொக்குகளை அழகென்றே பார்த்து வளர்ந்தோம். யப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அத்தகைய பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகி, வயல்நீரில் பிறக்கும் நுளம்பால் பிள்ளைகளுக்கு வருகிறதென்று மருத்துவம் படிக்கையில்தான் அறிந்தோம்.

1988இல் இலங்கைக்கு வந்த தடுப்பூசி, சுண்டெலி மூளையில் தயாரானது, பலமுறை போடவேண்டும். இடம்பெயர்ந்து அலைந்த எங்கள் அம்மாமாருக்கு அது இலேசா? ஒரு தடவை போடும் சீனத் தடுப்பூசியை 2007இல் கொழும்பு மாவட்டத்தில், ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சின்னமுத்து ஊசியோடு சேர்த்துச் சோதித்தார்கள். ஒன்று மற்றதைக் கெடுக்குமோ என்பதே பயம். கெடுக்கவில்லை. 2009இல் அது தேசியத் திட்டத்தில் சேர்ந்தபோது எங்கள் சனம் முகாமில் இருந்தது.

பிஞ்சுக் கையில் இரத்தம் எடுக்கச் சம்மதித்த அந்தத் தாய்மாரை நாங்கள் அறியோம். ஒரு வயதுப் பிள்ளைக்கு ஊசி ஏற்றும்போது நினைத்துக்கொள்கிறோம்.