பெயர் சேர்ப்பதும் ஆள் சேர்ப்பதும்



கல்லூரி திறந்த முதல் வாரத்தில் வாயிலருகே மேசை போட்டு, குறிப்பேடொன்றை விரித்து வைத்து, 'எங்கள் மன்றத்தில் சேருங்கள்' என்று மூத்த மாணவர்கள் அழைத்த காலம் ஒன்று உண்டு. அம்மேசை இன்று செல்பேசிக்குள் புகுந்துகொண்டது. சுவரொட்டியிலுள்ள கியூஆர் கோட்டின்மேல் செல்பேசியைக் காட்டினால் கூகிள் படிவம் விரிகிறது. பெயரும் எண்ணும் கொடுத்ததும் வாட்ஸப் குழுவில் இடம் கிடைக்கிறது. 2020இல் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, புதியவரை அடைய இதுவே கைகொடுத்தது. கூச்சம் மிகுந்த மாணவனும் பலர் பார்க்க மேசையருகே வந்து நில்லாமல் சேரலாம் என்பது சிறிய நன்மையன்று.

ஆயினும் பெயர் சேர்வது வேறு, ஆள் சேர்வது வேறு. நாட்டு நலப்பணித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1969ஆம் ஆண்டு 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய அத்திட்டத்தில் சேர்பவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக, ஈராண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். ஏழு நாள் முகாமும் உண்டு. படிவத்தை நிரப்பவோ அரை நிமிடம் போதும்! இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவைப் படிவம் சொல்வதில்லை. ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம் என 2022இல் வாட்ஸப் தன் எல்லையை உயர்த்தியது. மரம் நடும் காலையில் மண்வெட்டி பிடிக்க அவர்களுள் எத்தனை பேர் வருவர்?

ஆதலின் படிவத்தில் ஒரு கேள்வியைக் கூட்டுங்கள்: 'வாரத்தில் எந்நாள், எத்தனை மணி நேரம் தருவீர்கள்?' பெயர்கள் குறையும், குறையட்டும். பெயர் தந்தவரை மூன்று நாட்களுக்குள் மூத்த மாணவர் ஒருவர் நேரில் கண்டு பேசவும் வேண்டும். செய்திகள் வந்து குவியும் குழுவில் தன்னைப் பெயர் சொல்லி அழைப்பார் ஒருவருமில்லை என்று கண்ட மாணவன், ஓசையின்றி விலகிவிடுவான்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. குழுவில் சேர்ந்தவரின் எண் மற்றெல்லார் கண்ணிலும் படும். முன்பின் அறியாதார் அழைப்புக்கு அஞ்சி ஒதுங்கும் மாணவியர் உளர். மின்னணுத் தனிநபர் தரவுகளைக் காக்க 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. முதலாண்டு மாணவர் பலருக்கு 17 வயதுதான் என்பதை மன்றப் பொறுப்பாளர்கள் நினைத்துப் பார்க்கிறார்களா? அறிவிப்புகளை அனுப்புவதற்கு மட்டும் என்றால், சேர்ந்தவர் எண்ணை மற்றவர் காணவியலாத வாட்ஸப் சேனலே போதும். வேலை முடிந்த பட்டியலையும் ஆண்டிறுதியில் அழித்துவிடுங்கள்.