பொன்முகலிக் கரையில் ஓர் எழுதுகோல்

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்கள் விடுமுறையில் ஊர் திரும்புங்கால் திருமலைக்குச் சென்று வேங்கடவனைத் தொழுது வருவது வழக்கம். அவர்களுள் பலர் திருப்பதியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காளத்திக்கும் செல்வதுண்டு. இராகு கேது வழிபாடு முடிந்ததும் வண்டி ஏறிவிடுகிறோம். அவ்வாறு விரைவதால் நாம் காணாது விட்டுவிடும் ஒரு செல்வத்தைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

ஸ்ரீகாளஹஸ்தி என இன்று வழங்கும் இவ்வூர் முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தெலுங்கர் சுவர்ணமுகி என்னும் ஆற்றைத் தமிழர் பொன்முகலி என்றனர். தேவாரம் பாடிய மூவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். கண்ணப்பர் தம் கண்ணை இடந்து அப்பியதும் இங்கேதான். தெலுங்குக் கவிஞர் தூர்ஜடி இதே இறைவன்மீது சதகம் இயற்றினார். கோயிற் சுவர்களில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ஆகவே இவ்வூரின் மரபு ஒரு மொழியாருக்கு மட்டும் உரியதன்று.

1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய இராசகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து வீழ்ந்தது. நாடே திடுக்கிட்டது. புதிய கோபுரம் எழுந்து, 2017இல் குடமுழுக்கும் நடைபெற்றது. கல்லாலாகிய செல்வம் வீழ்ந்தால் ஓசை கேட்கிறது. கையிலே வாழும் செல்வம் மறைந்தால் ஓசை கேட்பதில்லை. அத்தகைய செல்வமே இவ்வூரின் கலம்காரி.

கலம் என்பது பாரசீக மொழியில் எழுதுகோல். பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு மை பரவாமல் காக்கும். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் புளிக்க வைத்து எடுத்த நீர், கடுக்காய் ஏறிய துணியிற் பட்டதும் கறுத்துவிடும். துணி சுற்றிய மூங்கிற் குச்சியை அந்நீரில் தோய்த்து, இராமாயணக் காட்சிகளையும் கண்ணப்பர் கதையையும் கையாலேயே எழுதுவர். படிகாரம் தடவிய இடங்கள் சாயத்தில் கொதிக்கும்போது செந்நிறம் பெறும். பின்னர் ஓடும் நீரில் பன்முறை அலச வேண்டும். ஆறு வற்றினால் தொழிலும் வாடும்.

சோழமண்டலக் கரையின் இத்தகைய வண்ணத் துணிகளை ஒரு காலத்தில் ஐரோப்பா விரும்பி வாங்கியது. உள்நாட்டு நெசவு கெடுமென்று அஞ்சிய பிரெஞ்சு அரசு 1686இல் அவற்றைத் தடை செய்தது. 1759இல்தான் அத்தடை நீங்கியது. இடையில் 1742இல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்நாட்டுச் சாயமிடும் முறையைக் கடிதமாகத் தம் நாட்டிற்கு எழுதி அனுப்பினார். 1760இல் வெர்சேல் அருகே ஜூயி என்னும் சிற்றூரில் ஓபர்காம்ப் என்பவர் அச்சுத்துணி ஆலை நிறுவினார். அதன் புகழ் உலகெங்கும் பரவியது. எனினும் 1843இல் அது மூடப்பட்டது. இன்று அவ்வூர் தன் துணிகளை அருங்காட்சியகத்தில் போற்றி வைத்திருக்கிறது. காளத்தியிலோ தொழில் இன்றும் உயிரோடிருக்கிறது.

அதுவும் தானாகப் பிழைத்ததன்று. அருகிவந்த இக்கலையைக் காக்க, கமலாதேவி சட்டோபாத்யாயரின் முயற்சியால் 1957இல் இங்கே பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. இம்மரபில் வந்த ஜொன்னலகட்டா குருவப்ப செட்டியார் 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆயினும் பல நாள் உழைத்து எழுதிய துணிக்கு அருகிலேயே, அதே உருவங்களை ஆலையில் அச்சிட்ட துணி குறைந்த விலைக்கு விற்கப்படுகிறது. வாங்குவோர் வேறுபாடு அறியாவிடில் எழுதுவோர் கோலை வைத்துவிடுவர்.

வேறுபாடு காண்பது அரிதன்று. ஒரே உருவம் இரண்டிடங்களில் மயிரிழையும் பிசகாமல் ஒத்திருந்தால் அது அச்சு. கை எழுதிய கோடு இரு முறை ஒன்றாய் அமையாது. அடுத்த முறை காளத்திக்குச் செல்லும் நேயர்கள், தரிசனம் முடிந்தபின் ஒரு மணி நேரமேனும் எழுதுவோர் இல்லங்களை நாடிச் செல்வார்களாக. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுதல் நலம். துணி வாங்காவிடினும் குற்றமில்லை. கோடு பிறப்பதை அவர்கள் ஒரு முறை கண்ணாரக் காணட்டும்.